ஒன்பதாம் பாடம் கேட்டு வந்த தையல்காரி

என்னிடம் அரபு படிக்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மூளை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பத்தாவது ஆளுக்கு இல்லை என்பதில் சந்தேகமே இல்லை. பதினொரு வருடமாகக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் என் வகுப்பு. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, சுற்றும்போது நடுநடுவே 'டக்' என்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். தாமதமாக வருகிறவருக்கு அதுதான். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு அட்டை ஒட்டியிருந்தேன். 'இந்தக் கதவைத் தாண்டினால் தாய்மொழி கிடையாது.' எல்லாருக்கும் புரிய வேண்டுமே என்று அதைத் தமிழில்தான் எழுதியிருந்தேன். அதிலிருந்த கோமாளித்தனம் பதினொரு வருடத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். விளக்கம் சொல்லும்போது மட்டும் நான் தமிழில் பேசிக்கொள்ளலாம். வாத்தியார் என்றால் சும்மாவா?

அந்த மாதத்துக் கூட்டத்தைக் கேளுங்கள். ஒரு லாரி டிரைவர். முதல் பாடத்தையே மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். 'நான்' என்பதற்கு என்ன சொல் என்று கேட்டால், கடன்காரனைப் பார்த்ததுபோல விழிப்பார். ஒரு நர்ஸ். வாயே திறக்க மாட்டாள், ஆனால் நான் இருமினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒரு ஏசி மெக்கானிக். வேலை செய்கிற இடமெல்லாம் குளிர்ச்சி என்பதால் என் வகுப்பின் வெக்கை அவருக்குத் தாலாட்டு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும்.

இவர்களை வைத்துக்கொண்டுதான் நான் ஒழுங்குமுறையாகப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் நான், நீ, அவன், அவள். அப்புறம் இது, அது. ஐந்தாவது பாடத்தில் இரண்டு பேருக்கான சொற்கள். அரபில் இரண்டு பேருக்கென்று தனியாக உண்டு. நாங்கள், நீங்கள், அவர்கள், இவர்கள் என்கிற கூட்டமெல்லாம் ஒன்பதாவது பாடத்தில்தான். ஒன்று தெரியாதவனுக்கு மூன்று எப்படித் தெரியும்? இதுதான் என் கட்சி.

மூன்றாவது பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் அளவெடுக்கிற டேப் பாம்புபோலத் தொங்கியது. கழற்றி வைக்க மறந்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தூங்கும்போது தவிர அது கழுத்தை விட்டு இறங்குவதில்லை. எதிர்த் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். நேராக வந்து கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆடியதும் எழுந்து, கீழே கிடந்த அட்டைத் துண்டை நாலாக மடித்துக் காலுக்கடியில் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பதினொரு வருடமாக எனக்குத் தோன்றாத வேலை.

"சார், எனக்கு ஒன்பதாம் பாடம் மட்டும் போதும்," என்றார்.

வகுப்பு சிரித்தது. மெக்கானிக்கூட விழித்துக்கொண்டார்.

"அம்மா, இது துணிக்கடை இல்ல. வேண்டிய முழத்தைக் கிழிச்சுத் தர முடியாது. ஒன்னுலேருந்துதான் வரணும்," என்றேன்.

"எனக்கு ஒன்னு வேண்டாம் சார். வர்றது மூணு பேர். நீ, உன்னைன்னு ஒருத்தர்கிட்ட பேசினா மத்த ரெண்டு பேர் மூஞ்சி வாடிரும். மூணு பேர்கிட்டயும் சேர்த்துப் பேசுற மாதிரி சொல்லிக் கொடுங்க. இருபது நாள்ல வந்துருவாங்க."

வகுப்பு முடிந்தபின் கதையைச் சொன்னார். அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒரு தங்கைதான். வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில், அரபு பேசுகிற ஒரு கப்பல் இன்ஜினியரைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், ஒன்பது வயது. அப்புறம் ஏழிலும் ஐந்திலும் இரண்டு பையன்கள். தங்கை இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தகப்பனுக்கோ வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான் வாழ்க்கை. பிள்ளைகளை அங்கேயே விடுதிப் பள்ளியில் சேர்க்க எல்லாம் தயார் செய்துவிட்டார். இந்த அம்மாள் அழுது புலம்பியதில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினைந்து நாள் வருவார். அவர்கள் பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டால் இங்கே விட்டுவிட்டுக் கப்பலேறுவார். ஒட்டாவிட்டால் விடுதி.

"அவகிட்டருந்து எனக்கு மிச்சம் இந்த மூணுதான் சார்," என்றார். அழவில்லை. டேப்பின் முனையில் இருக்கிற தகரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளைங்களுக்கு நம்ம பாஷை தெரியாதா?"

"எங்க சார்? பெரிய குடும்பம், வீடு முழுக்க அவங்க பேச்சு. இவளும் கொஞ்சறது, சோறு ஊட்டறது எல்லாம் அவங்க பாஷைலதான். கோவம் வந்தா மட்டும் நம்ம பாஷை வந்துரும். என்கூட போன்ல பேசிட்டே திரும்பி 'கழுதைங்களா'ன்னு ஒரு சத்தம் போடுவா பாருங்க, எனக்கே இங்க காது அடைக்கும். எங்கம்மா எங்களைத் திட்டுற அதே திட்டு."

"அதை முதல்ல மறந்துடுங்க," என்றேன். என் சிவப்பு அட்டையைக் காட்டினேன். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நம்ம பாஷைல பேசினீங்கன்னா எல்லாம் போச்சு. அவங்களும் குழம்புவாங்க, நீங்களும் சோம்பேறி ஆயிடுவீங்க. தாயில்லாப் பிள்ளைங்க, வந்ததும் வராததுமா திட்டவா போறீங்க? அந்த போன்ல மொழிபெயர்க்கிற சாமானும் கூடாது. மெஷின் பேசினா பிள்ளைங்க மெஷினைத்தான் நம்பும்."

"சரி சார். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்த ஊர்க்காரங்களோட நிறையப் பேசியிருப்பீங்க, இல்ல?"

"அதுக்கெல்லாம் கணக்கே இல்லம்மா," என்றேன்.

கணக்கு உண்டு. ஒன்று. கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்தவரும் புத்தகத்தில் படித்தவர், அவருக்குச் சொல்லித் தந்தவரும் அப்படித்தான். ஒரு தடவை மருந்துக் கடையில் ஒரு அரபுக்காரர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் வினைச்சொல்லைத் தேர்ந்து, விகுதியைச் சரிபார்த்து, வாக்கியத்தைப் பழுதில்லாமல் கட்டி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அவர் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். என் பதினொரு வருட அனுபவம் இவ்வளவுதான். இதை எவனிடமும் நான் சொன்னதில்லை.

ஆக, கொள்கையை விட்டுக்கொடுத்து ஒன்பதாம் பாடத்தை எடுத்தேன். அந்த அம்மாளுக்காக இல்லை. 'முடியாது' என்று சொன்னால் 'தெரியாது' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில்.

"நாங்கள், நஹ்னு. நீங்கள், ஆண்களா இருந்தா அன்த்தும், பெண்களா இருந்தா அன்த்துன்ன. அவர்கள், ஹும். பெண்கள்னா ஹுன்ன," என்று பலகையில் எழுதினேன்.

"எனக்கு ரெண்டு பையன் ஒரு பொண்ணு சார். எதைச் சொல்றது?"

"கூட்டத்துல ஒரு ஆண் இருந்தாலே ஆண் பன்மைதான்."

"நூறு பொம்பளைங்க வேலை செய்யற இடத்துல ஒரு ஆம்பளை தூங்கிட்டு இருந்தா?" என்று மெக்கானிக்கைப் பார்த்தார்.

"அப்பவும்தான்."

"எல்லா ஊர்லயும் இதே கதைதானா," என்று எழுதிக்கொண்டார். நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததையும் நோட்டில் எழுதுவாளோ என்று எனக்குத் தோன்றியது.

சுட்டுச் சொற்களுக்கு வந்தோம். பக்கத்தில் இருப்பவர்கள் என்றால் ஹாஉலாஇ. தள்ளி இருப்பவர்கள் என்றால் உலாஇக்க. ஆளுக்குத்தான் இதெல்லாம். பொருள் எத்தனை குவிந்து கிடந்தாலும் 'இவை' கிடையாது, ஒரு பெண்ணைச் சொல்வதுபோல ஹாதிஹி என்று ஒருமையில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர் பையிலிருந்து ஒரு கைப்பிடி பட்டனை எடுத்து மேசையில் கொட்டி, "ஹாதிஹி," என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து விரலை ஒரு சுற்றுச் சுற்றி, "ஹாஉலாஇ," என்றார். டிரைவர் மூன்று மாதத்தில் செய்யாததை மூன்று நிமிடத்தில் செய்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. உச்சரிப்பில் குற்றம் கண்டுபிடித்தேன். தொண்டையிலிருந்து வர வேண்டியது நாக்கிலிருந்து வருகிறது என்றேன்.

நடுவில் ஒரு நாள் பேண்ட் ஓரம் மடித்துத் தைக்கக் கொடுக்க அவர் கடைக்குப் போனேன். ஒரு ஷட்டர் அகலம்தான் கடை. இரண்டு மெஷின், ஒரு கண்ணாடி, காலடியில் வெட்டுத்துணிக் குவியல். மேலே கம்பியில் மூன்று சின்ன உடுப்புகள் தொங்கின. பை வைத்த ஒரு கவுன், இரண்டு சட்டை.

"அளவு?" என்று கேட்டேன்.

"போட்டோல கார் கதவுல சாஞ்சு நிக்கிறாங்க சார். அதே கார் இந்தத் தெருவுல ஒன்னு நிக்குது. போய்க் கதவை அளந்துட்டு வந்தேன்."

பிறகு கத்தரிக்கோலால் அந்த உடுப்புகளைச் சுட்டிக்காட்டி, "அன்த்தும்," என்றார். ஒரு அடி பின்னால் போய், "ஹாஉலாஇ." தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, லாரி ஹாரனையும் மீறி, "உலாஇக்க!" என்று கத்தினார். போகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிள்ளைங்க இப்படி ஹேங்கர்ல தொங்கிட்டு கேக்காதும்மா," என்றேன்.

"தெரியும் சார்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அதை இப்போது நினைத்தால் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

பிள்ளைகள் வந்தார்கள். மூன்று நாள் அந்த அம்மாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"சார், நான் பேசினா ஒருத்தர் மூஞ்சி ஒருத்தர் பாத்துக்கறாங்க. ஹாஉலாஇன்னு அவங்கள்ல ஒருத்தர்கூட சொல்லல. 'ஹாதோல்'னு ஏதோ சொல்றாங்க."

"அது பேச்சு வழக்கு. கொச்சை. நீங்க சுத்தமானதையே பேசுங்க. ரெண்டு நாள்ல அவங்க வழிக்கு வந்துருவாங்க," என்றேன். யார் வழிக்கு யார் வருவது!

"சின்னவன் அம்மா போட்டோவைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுக்கறான். எடுத்துச் சட்டம் போட்டுத் தரேன்னு சொல்லத் தெரியல எனக்கு. கேட்டா பிடுங்குறேன்னு நினைச்சுக்கறான். நம்ம பாஷைல ஒரு வார்த்தை..."

"கூடாது," என்றேன்.

எட்டாம் நாள் வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சின்னவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. நடுப்பையன் இவர் பேசுகிற மாதிரியே தொண்டையைக் கனைத்துப் பேசிக்காட்டி மற்ற இருவரையும் சிரிக்க வைக்கிறான். மூத்தவள் மட்டும் மரியாதையாக, ஓட்டலில் தங்க வந்தவள்போல, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறாள். தைத்து வைத்த உடுப்பை மூவரும் தொடவில்லை.

"அந்த நன்றிதான் சார் தாங்கல," என்றார். "சிரிச்சாக்கூடப் பரவால்ல."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பாடம் தப்பாக இருக்க வாய்ப்பில்லை, மாணவிதான் தப்பு. ஆகவே பெரிய மனதோடு, ஒரு முழுப்பக்கம் நிறைய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'யா அய்யுஹல் அத்ஃபால்' என்று தொடங்கியது அந்தப் பக்கம். 'ஓ குழந்தைகளே' என்று அர்த்தம். மேடையில் நின்று மக்களை விளிப்பதற்குப் பொருத்தமான ஆரம்பம். தொடர்ந்து, இவை தட்டுகள், நீங்கள் நல்லவர்கள், நாம் உண்போம், அவர்கள் பொறியாளர்கள். பொறியாளர்கள் எதற்கு என்று கேட்காதீர்கள். புத்தகத்தில் இருந்தது. அந்த அம்மாள் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, மூன்று பிள்ளைகளுக்கு முன்னால், அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாராம். முதல் வரிக்குச் சிரித்தார்களாம். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டதாம். முடிவில் மூத்தவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டுத் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"சார், அவங்கப்பா போன் சாமான்ல எழுதிக் காட்டினார், முக்கியமா ஏதோ சொல்லணுமாம். என்னன்னு தெரியும் சார், விடுதிக் காகிதத்தை எடுத்து வச்சிட்டார். ஆனா என்கிட்ட மரியாதையா, ஒழுங்கா சொல்லணுமாம். அதை இந்தச் சாமான்ல வேண்டாமாம், நல்லாத் தெரிஞ்ச ஆளை வச்சுச் சொல்றேங்கறார். உங்களைத்தான் சொன்னேன். அஞ்சு மணிக்குக் கூட்டிட்டு வரேன். எனக்காக நாலு வார்த்தை நீங்க எடுத்துச் சொல்லணும்."

ஊருக்குப் போய்விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிரைவரும் நர்ஸும் மெக்கானிக்கும் அதே ஐந்து மணிக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரு நிஜ அரபுக்காரரோடு நான் பேசுவதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பார்த்தேன். கற்பனையில் நன்றாகவே பேசினேன். வரச் சொன்னேன்.

வந்தார்கள். தகப்பன் உயரமான, களைத்துப்போன மனிதர். கையில் ஒரு காக்கி உறை. படியேறும்போதே கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்ததால், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்கள். தையல்காரம்மா சுவரோரமாக நின்றார். என் மாணவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அஹ்லன் வ சஹ்லன் பிகும்," என்று வரவேற்றேன். மூத்தவள் தலையசைத்தாள். உற்சாகம் வந்துவிட்டது. என் மாணவர்கள் பக்கம் அரைக்கண் வைத்துக்கொண்டே பிள்ளைகளைச் சுட்டிக்காட்டி, "ஹாஉலாஇ அத்ஃபால். அன்த்தும் அத்ஃபால். நஹ்னு..." என்று ஒன்பதாம் பாடத்தை முழுசாக அவிழ்த்துவிட்டேன். நடுப்பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அப்போது சின்னவன் அக்காவின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தான். என் பேண்டைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டான். மெல்லிய குரல், ஒரே மூச்சு. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்க்கிறது. "நஅம், நஅம்," என்றேன். ஆம், ஆம். அவன் குழம்பிப் போய், கால்களைப் பின்னிக்கொண்டு மறுபடி கேட்டான். மூத்தவளும் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். நான் கையை விரித்து, பல்லெல்லாம் தெரிய, "அஹ்லன் வ சஹ்லன்!" என்றேன்.

"என்ன சார் கேக்கறான்?" என்றார் தையல்காரம்மா.

"நம்ம வகுப்பு நல்லா இருக்குங்கறான்," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. சின்னவனின் காற்சட்டை நனைந்தது. கால் வழியாக இறங்கித் தரையில் ஒரு சின்னக் குளம் கட்டியது. என் புத்தகங்களில் ஆசிரியர்கள் நிற்கிறார்கள், பொறியாளர்கள் போகிறார்கள், அந்த மாணவிகள் படிக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒன்றிலும் ஒரு சொல் கிடையாது.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் பேனாவை மூடினாள். பையன் அழக்கூட இல்லை. ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தையல்காரம்மா என் சிவப்பு அட்டையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் வெடித்தார்.

"கழுதைங்களா! வாயில என்ன கொழுக்கட்டையா? என்னைப் பாத்து ஒரு சைகை காட்டக் கூடாதா? பெரியவ நீ எதுக்கு இருக்க, இந்த ஆள்கிட்டயா போய்க் கேப்ப? மூணு கழுதைங்களும் வாங்க இங்க!"

டயர் கடைக்காரன் கீழே சுத்தியலை நிறுத்திவிட்டான். அவ்வளவு சத்தம்.

மூன்று பிள்ளைகளும் விறைத்து நின்றார்கள். பயந்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூத்தவள் முதலில் நகர்ந்தாள். நேராகப் பெரியம்மாவின் எதிரே போய்ச் சுவரோரம் நின்றாள். அவள் பக்கத்தில் நடுப்பையன். அவன் பக்கத்தில், நனைந்த காற்சட்டையோடு சின்னவன். உயரப்படி, ஒரே வரிசை. யாரும் நிறுத்தவில்லை, அவர்களாகவே நின்றார்கள். தலையைத் தொங்கப்போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"இனிமே செய்ய மாட்டோம்."

தமிழில். 'ழ' கேட்டால் ஓடிப்போகிற நாக்கில், ஒவ்வொரு எழுத்தாக, மனப்பாடமாக. அம்மா திட்டி முடித்ததும் சொல்ல வேண்டிய வாசகம். ஒன்றரை வருடமாக யாரும் அவர்களை அதைச் சொல்ல வைக்கவில்லை.

தையல்காரம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக, "நாங்களும் இப்படித்தான் நிப்போம்," என்றார். "நானும் அவளும். இதே மாதிரி. இதையேதான் சொல்லுவோம்."

நடுப்பையன்தான், கனைத்துக் காட்டிக் கேலி செய்தவன்தான், முதலில் உடைந்தான். ஓடிப்போய் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவினான். சின்னவன் டேப்பின் தொங்கும் முனையைப் பிடித்துக்கொண்டான். மூத்தவள் மட்டும் வரிசையை விட்டு நகராமல் நின்று அழுதாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, "வாடி கழுதை," என்றார் பெரியம்மா. வந்தாள்.

தகப்பன் எப்போது போனை வைத்தார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், நீளமாக, குரல் நடுங்க. மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்று மட்டும் விளங்கியது.

"என்ன சார் சொல்றார்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. நின்றது.

"தெரியலம்மா. 'இவங்க அம்மா'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. மத்தது எனக்குப் புரியல. எனக்குப் பேசத் தெரியாது."

பதினொரு வருடத்தில் அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை. மூன்று மாணவர்கள் கேட்டார்கள். கேட்கட்டும்.

"எனக்குப் புரியுது, விடுங்க," என்றார் அவர். தகப்பன் காக்கி உறையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கால்சட்டைப் பைக்குள் திணித்தார். மூன்று நாள் கழித்து அவர் மட்டும் தனியாகக் கப்பலேறினார்.

அன்று சின்னவனுக்கு உடை மாற்றிவிட, பையிலிருந்து அவர் தைத்த சட்டையை எடுத்தார். வளர்கிற பிள்ளை என்று தாராளமாக விட்டுத் தைத்திருந்ததால் முழங்கால்வரை வந்தது. காற்சட்டையே தேவைப்படவில்லை. மாட்டிவிட்டு, மூலையில் நின்ற தரை துடைக்கிற கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் வாசலில் நின்று திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. கோபமே இல்லாத குரலில்தான் கேட்டார்.

"பன்னெண்டு நாள் சார். பன்னெண்டு நாள் அதுங்களை ஒரு திட்டு திட்ட விடாம பண்ணிட்டீங்களே?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். படிக்கட்டில் "மெதுவாப் போங்க கழுதைங்களா" என்று கேட்டது. நான் குனிந்து தரையைத் துடைத்தேன். மூன்று மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை.